மாடிப் பட்டறைக்கு எந்தப் பலகை: மரைன் பிளையா, எச்.டி.எச்.எம்.ஆரா, டபிள்யு.பி.சி.யா?

என் மரவேலைப் பட்டறை சென்னையில், மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட பத்துக்கு எட்டு அடி அறை. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றைக் கீழே கிடத்தினால் கால் வைக்க இடமிருக்காது. கடையில் போய்க் கேட்டால் தண்ணீர், கரையான் இரண்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது முக்கியம்தான். ஆனால் இதை யார் மாடிக்குத் தூக்குவது, எங்கே வைத்து அறுப்பது, தூசி எங்கே போகும் என்பதும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதலில் எடை. 18 மில்லி, அதாவது ஆறு நூல் ஷீட்டையே எடுத்துக்கொள்வோம். பிளைவுட் என்றால் சுமார் 35 கிலோ. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் 40 கிலோ. அதைவிட அடர்த்தியான, ஈரம் தாங்கும் எச்.டி.எச்.எம்.ஆர் 45 கிலோவைத் தொடும். எங்கள் படிக்கட்டுத் திருப்பத்தில் எட்டடி ஷீட் திரும்பவே திரும்பாது. அதனால் அளவுப் பட்டியலோடு போய்க் கடையிலேயே மெஷினில் அறுத்து வாங்கிவிடுகிறேன். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடு மூன்று மில்லி தின்னும், அதையும் கணக்கில் சேர்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

எடை தாங்க வேண்டிய எதற்கும் என் ஓட்டு மரைன் பிளைக்கு, அதாவது தண்ணீர் தாங்கும் பசையில் ஒட்டிய பிளைவுட்டுக்குத்தான். மரத்தை மெல்லிய தாள்களாகச் சீவி, ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி ஒட்டுவதால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பலம் உண்டு. மரைன் பிளைக்கான இந்தியத் தரமான ஐ.எஸ் 710-இல், கொதிக்கும் நீரில் 72 மணி நேரம் கிடந்தும் பசை விடக்கூடாது என்பது சோதனை. சாதாரண கமர்ஷியல் பிளையின் பசை அந்த அளவுக்குத் தாங்காது, ஒரு மழைக்காலம் நனைந்தாலே ஓரம் பிரிய ஆரம்பிக்கும். ஒரு எச்சரிக்கை: "710" என்று வெறுமனே அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். ஐ.எஸ்.ஐ முத்திரையும், சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் ஷீட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எச்.டி.எச்.எம்.ஆர் வேறு ரகம். மரநாரை அழுத்திச் செய்த, கன மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல் எடையுள்ள பலகை. உள்ளே ஓட்டை, பொத்தல் கிடையாது; ஓரம் செதுக்கும் ரவுட்டர் மெஷினை ஓட்டினால் ஓரம் வெண்ணெய் மாதிரி வரும். கப்போர்டு கதவுக்கும், பெயின்ட் அடிக்கும் வேலைக்கும் பிளைவுட்டை விட இதுதான் நல்லது. ஈரப்பதம் தாங்கும், ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்துக்கு ஆகாது. ஓரத்தில் ஸ்க்ரூ போடும்போது முதலில் சின்னத் துளை போடாவிட்டால் பலகை பிளந்துவிடும்.

அப்புறம் தூசி. எச்.டி.எச்.எம்.ஆரையும் எம்.டி.எஃப்பையும் அறுத்தால் மாவு மாதிரி பறக்கும், கதவைச் சாத்தினாலும் வீட்டுக்குள் இறங்கும். மரத்தூசி, பசையில் இருந்து வரும் ஃபார்மால்டிஹைடு இரண்டையுமே புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. என்-95 மாஸ்க் போடாமல் ஒரு வெட்டுக்கூட வேண்டாம். ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளிவிடும் தரமான இ-0 அல்லது இ-1 என்று போட்ட பலகையையே கேட்டு வாங்குங்கள்.

டபிள்யு.பி.சி.யைப் பற்றித்தான் ஆள் ஆளுக்கு ஆசை காட்டுகிறார்கள். பி.வி.சி.யோடு மரத்தூள் கலந்த பலகை. தண்ணீர் ஒன்றும் செய்யாது, கரையான் தொடாது, இரண்டும் உண்மை. அதை நம்பி வேலை மேசையின் மேல்பலகையாகப் போட்டேன். மார்கழியில் சமமாகத்தான் இருந்தது. சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே, நடுவில் கட்டையிழைப்பு மெஷின் இருந்த இடம் குழிந்துவிட்டது. பி.வி.சி சூட்டில் இளகும், விடாமல் பாரம் இருந்தால் மெதுவாக வளையும். பிளைவுட் அப்படி வளைவதில்லை. வழக்கமான வெள்ளை மரப்பசையும் அதில் சரியாகப் பிடிக்காது, பி.வி.சி.க்கான பசை தனியாக வேண்டும். துண்டு துணுக்கை எரிக்கவும் கூடாது, அமிலப் புகை வரும். ஆனால் குளியலறைக் கதவுச் சட்டம், தோட்டத்துக் கருவிப் பெட்டி, மழைச் சாரல் அடிக்கும் சுவரோரத் தட்டு என்றால் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. தட்டுக்கு மட்டும் ஒன்றரை அடிக்கு ஒரு தாங்கி கொடுங்கள்.

இப்போதைய மேசை இரண்டு 18 மில்லி மரைன் பிளையை ஒட்டிச் செய்தது. அதன்மேல் 6 மில்லி எம்.டி.எஃப் ஒன்றை ஸ்க்ரூவில் மாட்டியிருக்கிறேன். உளி பட்டுக் கிழிந்தால் கழற்றிவிட்டு வேறு போடலாம். மழைநீர் கதவுக்கடியில் நுழைவதால் கால்களுக்கு அடியில் மட்டும் அந்தப் பழைய டபிள்யு.பி.சி துண்டுகள்.