'தடவவும்' என்ற ஒற்றைச் சொல்: எக்ஸிமாவோடு ஏழு ஆண்டுகள்

போன வாரம் தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். "என் மகனுக்கு எக்ஸிமா என்று சொல்லிவிட்டார்கள். நீ எந்தக் களிம்பு போடுகிறாய்? பெயரை மட்டும் அனுப்பு." பெயரை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். மனம் ஒப்பவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் நானும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் இதையேதான் கேட்டேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அத்தனையையும் வாங்கினேன். அரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. எந்தக் களிம்பு என்பதைவிட எவ்வளவு களிம்பு என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று புரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. வீணாய்ப் போன அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

தோல் வறண்டு, சிவந்து, ஓயாமல் அரிக்கும் நோய் என்பதற்கு மேல் எக்ஸிமாவை இங்கே விளக்கப் போவதில்லை. இதைத் தேடிப் படிப்பவர்களுக்கு முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்புறமும் கழுத்தும் நன்றாகவே தெரிந்திருக்கும். இரவு இரண்டு மணியும் தெரிந்திருக்கும்.

முதலில் பார்த்த மருத்துவர் தந்த சீட்டில் மாய்ஸ்சரைசரின் பெயருக்கு எதிரே 'தினமும் இருமுறை தடவவும்' என்று எழுதியிருந்தது. தடவினேன். சுண்டுவிரல் நுனியில் கொஞ்சம் எடுத்து, சிவந்திருந்த இடங்களில் மட்டும், வெள்ளை நிறம் மறையும்வரை அழுத்தித் தேய்த்தேன். 100 கிராம் ட்யூப் நான்கு மாதம் வந்தது. கெட்டிக்காரத்தனமாகச் செலவழிக்கிறேன் என்று மகிழ்ச்சிகூட இருந்தது. பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நாளுக்கு ஒரு கிராம்கூட வரவில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு, எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கே வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை மாய்ஸ்சரைசர் தேவைப்படும் என்கிறது. ஒரு குழந்தைக்கு ஒரு வாரத்துக்கு ஆகும் களிம்பை வளர்ந்த நான் ஓர் ஆண்டுக்கு வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிவப்பையும் அரிப்பையும் தணிக்கத் தந்த ஸ்டீராய்டு க்ரீமிலும் இதே கதைதான். 'மெல்லியதாக' என்று சொல்லியிருந்தார்கள். தோல் மெலிந்துவிடும் என்று சுற்றியிருந்தவர்கள் வேறு பயமுறுத்தினார்கள். பயத்தில் இரண்டு நாள் பூசுவேன், சற்றுத் தணிந்ததும் நிறுத்துவேன், நாலாம் நாள் மறுபடியும் சிவக்கும்.

இரண்டாவது மருத்துவர் என்ன செய்தார் தெரியுமா? என் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலின் முதல் கோட்டிலிருந்து நுனிவரை ஸ்டீராய்டு ட்யூபைப் பிதுக்கி ஒரு கோடு போட்டார். "இது அரை கிராம். உங்கள் இரண்டு உள்ளங்கைகளை விரல்களோடு சேர்த்து வைத்தால் எவ்வளவு பரப்போ, அவ்வளவு இடத்துக்கு இது சரி. குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்." அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விரல்நுனி அளவு என்ற இந்த முறை 1991ஆம் ஆண்டிலிருந்தே மருத்துவ இதழ்களில் இருக்கிறது. முதல் மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார், சரியான மருந்தைத்தான் எழுதினார், வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தை அவர் கொடுத்திருந்தால் நான் இரண்டு ஆண்டு தூக்கத்தை இழந்திருக்க மாட்டேன். இதை எத்தனை முறை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தாலும் கோபம் தணிய மறுக்கிறது.

அதன்பின் அடுக்களைத் தராசை எடுத்து மாய்ஸ்சரைசர் டப்பாவையும் எடை போடத் தொடங்கினேன். 500 கிராம் டப்பா இப்போது பதினோரு நாளில் தீர்கிறது. சிவந்த இடம், சிவக்காத இடம் என்று பார்க்காமல் உடல் முழுவதும் பூசுகிறேன். தேய்ப்பதில்லை; முடி வளரும் திசையில் மேலிருந்து கீழாக நீவிவிடுகிறேன், பளபளப்பு தெரிகிற அளவுக்கு. டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுப்பது முக்கியம். கிருமிகள் உள்ளே போனால் அவை புண்ணுக்குத்தான் திரும்பி வரும்.

எனக்குப் பெரிய சோதனை குளியல்தான். அரிக்கிற மடிப்பில் சுடுநீர் விழும்போது கிடைக்கும் சுகத்தை எக்ஸிமா இல்லாதவர்களிடம் விளக்க முடியாது. எவ்வளவு சொறிந்தும் அடங்காத அரிப்பு, சுடுநீர் பட்டதும் உச்சத்துக்கு ஏறி அப்படியே ஓய்ந்துவிடும். முதுகுத்தண்டில் சிலிர்ப்பு ஓடும். அரை மணி கழித்துத் தோல் இறுகி, சிவந்து, முன்னைவிட இரு மடங்காக அரிக்கும். அந்தச் சுகத்தைக் கைவிட்டதுதான் இத்தனை ஆண்டுகளில் நான் செய்ததிலேயே கடினமான காரியம். இப்போது வெதுவெதுப்பான நீர், பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவேன். தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது, அதன் பிஹெச் அளவு ஏறக்குறைய 5. சாதாரண சோப்புக் கட்டியோ 9, 10 என்று காரத்தின் பக்கம் நிற்கிறது. அதனால் சோப்பு போயிற்று, சோப்பில்லாத கழுவும் திரவம் வந்தது. துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் முழுதாக உலர்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், களிம்பு. இந்த மூன்று நிமிடத்துக்காகக் கதவைத் தட்டுபவர்களையும் தொலைபேசியையும் காக்க வைத்துவிடுகிறேன்.

இனி தோழி கேட்டதற்கு வருகிறேன். எந்தக் களிம்பு? பிரிட்டனில் 550 குழந்தைகளை வைத்து லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் நான்கையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளியானது. எக்ஸிமாவைக் குறைப்பதில் நான்குக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குழந்தை முரண்டு பிடிக்காமல் பூசிக்கொள்வது எதுவோ, அதுவே அவனுக்கானது. வாசனை சேர்த்தது மட்டும் வேண்டாம். 'மணமற்றது' என்ற சொல்லையும் நம்பிவிடக் கூடாது. மூலப்பொருள்களின் வாடையை மறைக்கவே ஒரு வாசனைப் பொருளைச் சேர்த்திருக்கலாம். 'வாசனைப் பொருள் சேர்க்கப்படாதது' என்று தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும்.

அவள் வாங்கவே கூடாத ஒன்றும் இருக்கிறது: குளிக்கும் நீரில் கலக்கும் எண்ணெய். ஓராண்டு அதற்குச் செலவழித்தேன். குளியல் தொட்டியில் சேர்க்கும் இத்தகைய பொருள்களை 482 குழந்தைகளிடம் சோதித்த ஆய்வு 2018இல் வந்தது: வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக இதைச் சேர்த்ததால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. பட்டு உள்ளாடைகளைப் பற்றி 2017இலும், நீரை மென்மையாக்கும் கருவியைப் பற்றி 2011இலும் இதே முடிவுதான் வந்தது. வேதனையில் இருப்பவரிடம் எதையும் விற்றுவிடலாம் என்பது எனக்கு வயிற்றெரிச்சலைத் தருகிறது. சோதனை எதுவும் செய்யாமல் 'இதைச் சாப்பிடாதே, அதைச் சாப்பிடாதே' என்று குழந்தையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்பவர்களையும் இதே வரிசையில் வைக்கிறேன். வளரும் பிள்ளைக்குச் சத்துக் குறைவுதான் மிஞ்சும்.

இவ்வளவு சொல்லிவிட்டு எனக்குக் கிடைத்த நல்லதைச் சொல்லாமல் போனால் நன்றிகெட்டதனம். இரவுகள் திரும்பி வந்தன. படுக்கையின் அருகே ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீரும் சிறிய பருத்தித் துணியும் வைத்திருப்பேன். அரிப்பில் விழிப்பு வந்தால் விரல்களை மடக்கி, இரண்டு கைகளையும் இறுக மூடிக்கொண்டு முப்பது எண்ணுவேன். பிறகு துணியைப் பிழிந்து மடிப்பின்மேல் வைத்து அழுத்துவேன், சொறிய மாட்டேன். முதல் ஒரு மாதம் பாதி இரவுகளில் தோற்றேன். காலையில் நகக்கண்களில் இரத்தம் இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, முனையை அரத்தால் மழுக்கினேன். மூன்றாம் மாதம் ஒரு நாள் கண்விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. கிண்ணத்து நீர் தொடப்படாமல் அப்படியே இருந்தது. துணி காய்ந்து மொடமொடவென்று விளிம்பில் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மனத்துக்கும் ஒரு விடுதலை கிடைத்தது. சிறுவயதிலிருந்து 'சுத்தம் போதாது' என்று கேட்டுக் கேட்டுக் கூனிப்போனவர்களில் நானும் ஒருத்தி. தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் ஏற்படும் மாற்றம் எக்ஸிமாவுக்கு வழிவகுக்கிறது என்று ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தினர் 2006இல் கண்டறிந்தார்கள். எக்ஸிமா உள்ள எல்லோரிடமும் இந்த மாற்றம் இருப்பதில்லை. ஆனால் தோலின் அரணே பலவீனமாக இருக்கலாம், அதன் வழியே ஈரம் வெளியேறிக்கொண்டிருக்கலாம் என்று படித்த அன்று, தேய்த்துத் தேய்த்துக் குளித்த அத்தனை ஆண்டுகளும் நினைவுக்கு வந்தன. யாரும் என் பிள்ளைப் பருவத்தை அப்படி வதைத்திருக்கத் தேவையில்லை.

பிசுபிசுப்புதான் போகவே இல்லை. ஏழு ஆண்டுகளிலும் ஒரு நாள்கூட எனக்குப் பழகவில்லை. புத்தகத்தின் ஓரங்களில் என் விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய்க் கறை. மூக்குக்கண்ணாடி வழுக்குகிறது. தலையணை உறையில் ஊறிய களிம்பு எத்தனை துவைத்தாலும் முழுதாகப் போவதில்லை. அது ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து அடுப்பருகே போகுமுன் சட்டையை மாற்றுகிறேன். யாராவது கைகுலுக்க வந்தால் முதலில் என் உள்ளங்கையைத்தான் பார்க்கிறேன்.

ஞாயிறுதோறும் 'பொயம்' என்ற ஏழு கேள்விகள் கொண்ட பட்டியலை நிரப்புகிறேன். கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை இரவு தூக்கம் கெட்டது, எத்தனை நாள் தோல் கசிந்தது என்று கேட்கும். மொத்தம் 28 மதிப்பெண், குறைவாக இருந்தால் நல்லது. தொடக்கத்தில் எனக்கு 19. பிறகு 6க்கு வந்து, அங்கேயே நிலைத்து நின்றது. போன ஞாயிறு 14.

ஒரு வேளைகூடத் தவறவில்லை. டப்பாவின் எடை சாட்சி. வெதுவெதுப்பான நீர், மூன்று நிமிடம், பருத்தி ஆடை, வியர்த்ததும் கழுவிக்கொண்டது, எல்லாம் செய்தேன். வேலையில் நெருக்கடி மிகுந்த மாதம், அவ்வளவுதான். கழுத்தெல்லாம் செதில் செதிலாக உரிகிறது. இதை எழுதும் இப்போதும் இடது கை மூடியிருக்கிறது, முப்பது எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் இந்த அன்றாடப் பராமரிப்புக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். 19ஐ 6 ஆக்கிய ஒன்றுக்கு இரண்டு என்பது அநியாயம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் தினமும் நாற்பது நிமிடம் வாங்கிக்கொண்டு, ஒரு நாள்கூட விடுப்புத் தராமல், கடைசியில் எந்த உறுதியும் சொல்லாத ஒன்றை மனமாரப் பாராட்ட இன்று என்னால் முடியவில்லை. பழக்கங்கள் மருந்தின் பாதிப் பாரத்தைச் சுமக்கும். மீதியை மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். செவ்வாய்க்கிழமை போகிறேன்.

தோழிக்குக் களிம்பின் பெயரை அனுப்பவில்லை. ஆள்காட்டி விரலில் கோடு போட்டுப் படமெடுத்து அனுப்பினேன். புண்ணில் மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, வலியோடு கொப்புளங்கள் கூட்டமாய் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் ஓடு என்றும் எழுதினேன். பிறகு என் டப்பாவைத் தராசில் வைத்தேன். 212 கிராம். வெள்ளிக்கிழமைக்குள் அடுத்ததை வாங்க வேண்டும்.