காய்ச்சல் இல்லையாம், டோக்கன் போடணுமாம்

மார்கழி விடுமுறைக்குக் கடலூர் வந்தோம். சில்வர் பீச், பாடலீஸ்வரர் கோயில் எல்லாம் வழக்கம்போல, அதை விடுங்கள்.

மூன்றாம் நாள் காலை அத்தை என்னைப் பார்த்து, "நீங்க யாரு சார், எப்ப வந்தீங்க?" என்றார். என்னைத் தூக்கி வளர்த்தவர், வயது 73. பதறி ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினால், வரவேற்பில் இருந்த பையன் நெற்றிக்கு நேராகத் தெர்மாமீட்டரை நீட்டி, "98.4தான் சார், காய்ச்சல் இல்ல, டோக்கன் போட்டு உட்காருங்க" என்றான். எங்களுடையது 41, உள்ளே ஓடிக்கொண்டிருந்தது 17. உடம்பு வலி என்று அத்தை விடியற்காலையிலேயே பாராசிட்டமால் போட்டிருந்தார், அதற்கப்புறம் தெர்மாமீட்டர் என்னத்தைக் காட்டும்? அந்தக் காலத்துக் கம்பவுண்டர் என்றால் முகத்தைப் பார்த்தே உள்ளே அனுப்பியிருப்பார்.

ரத்தத்தில் கிருமி ஏறினால் வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் புத்தி மட்டும் தடுமாறலாம். சண்டை போட வாயைத் திறந்தேன், அதற்குள் அந்தப் பக்கம் போன ஒரு நர்ஸ் நின்றார். அத்தையின் நெஞ்சையே பார்த்தபடி, கைக்கடிகாரத்தை வைத்து மூச்சை எண்ணினார். ஒரு முழு நிமிடம்! இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில்கூடப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 28 மூச்சு, அதிகம். அப்புறம் பிரஷர், மேல் எண் 96, குறைவு. "தம்பி, வீல்சேர் எடுங்க" என்று ஒரு சத்தம், டோக்கன் போன இடம் தெரியவில்லை.

இங்கிலாந்தில் 2017-லிருந்து நியூஸ் 2 என்று, நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்று பார்க்க ஒரு மதிப்பெண் கணக்கு. மூச்சுக்கு 3, புதிதாக வந்த தடுமாற்றத்துக்கு 3, பிரஷருக்கு 2. அத்தையின் காய்ச்சலுக்குப் பூஜ்யம்தான், ஆனாலும் கூட்டினால் 8. அங்கே 7 வந்தாலே அவசரம். கணக்கு நல்ல கணக்குதான், ஆனால் அங்கே அவசரப் பிரிவில் நான் மணிக்கணக்கில் உட்கார்ந்த கதை வேறு.

இரண்டு கையிலும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுத்த பிறகே ஆன்டிபயாட்டிக் ஊசி. ரத்தத்தில் லாக்டேட் அளவும் பார்த்தார்கள், அது ஏறியிருந்தால் ஆபத்து. டியூட்டி டாக்டர் அக்குளைத் தூக்கிப் பார்த்தார்; சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு. "ஸ்க்ரப் டைபஸா இருக்கலாம், மழை முடிஞ்ச சீசன் இது" என்றார். புதரில் இருக்கும் பொடி உண்ணி கடித்து வருவது. அந்தக் கிருமி கல்ச்சரில் வளராது, வழக்கமான ஊசிகளில் பலதுக்குக் கேட்காது, அதனால் கையோடு அதற்குக் கேட்கும் டாக்சிசைக்ளின் மருந்தும் ஆரம்பித்தார்.

இரண்டாம் நாள் அத்தை காபியில் சர்க்கரை போதவில்லை என்று என்னைத் திட்டினார். வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த நர்ஸைத் தேடினேன், நைட் டியூட்டியாம். சாக்லேட் டப்பாவை அதே வரவேற்புப் பையனிடம்தான் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததோ என்னவோ.