பள்ளிக்கூடப் பையனா, காலேஜ் பையனா: அவுட் ஆஃப் த பார்க் டிராஃப்டில் யாரை எடுக்கலாம்?

கோவை, திருப்பூர், ஈரோடு என்று ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு நாங்கள் சிலர், பேஸ்பால் டீமை நிர்வகித்து ஆடும் அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் என்கிற கம்ப்யூட்டர் கேமில் ஒரு ஆன்லைன் லீக் நடத்துகிறோம். புது ஆட்டக்காரர்களை டீம்கள் முறை வைத்துப் பொறுக்கும் டிராஃப்ட் வந்தால் போதும், வாட்ஸப்பில் சண்டை தொடங்கிவிடும். திருப்பூர்ப் பங்காளி பனியன் ஆர்டர் சோலியை முடித்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து, 18 வயசுப் பள்ளிக்கூடப் பையன்களாகவே பொறுக்குவார். ஈரோட்டு மாப்ளைக்குக் காலேஜ் முடித்த 21 வயசு ஆள்தான் வேணும். ரெண்டு பேருமே கேட்க மறந்துபோகிற கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த லீக்கில் திறமை எண் தன்னால மாறும் அளவைச் சொல்லும் டி.சி.ஆர் எவ்வளவு?

முதலில் திரையில் என்ன தெரிகிறது என்று பார்ப்போம். மதிப்பெண் 20-லிருந்து 80 வரை. 50 என்றால் அமெரிக்காவின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் சராசரி ஆட்டக்காரர். ஒவ்வொருவருக்கும் இன்றைய திறமைக்கு ஒரு எண், எட்டக்கூடிய உச்சத்துக்கு இன்னொரு எண். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் 25/65 என்று நிற்பான். பக்கத்திலேயே காலேஜ் பையன் 40/55. கண்ணு தன்னால 65-க்குத்தான் போகும். ஆனால் அந்த 65 உங்கள் ஸ்கௌட் (ஆட்டக்காரர்களைப் பார்த்து எடைபோடுகிறவர்) சொல்லும் மதிப்பு, ஆட்டம் உள்ளே வைத்திருக்கும் உண்மை எண் அல்ல. கண்ணபுரம் சந்தையில் கன்னுக்குட்டியின் சுழியையும் திமிலையும் பார்த்து விலை பேசுகிற மாதிரிதான் இது. ரெண்டு ஏர் உழுத மாட்டை வாங்குவது வேறு கணக்கு.

டி.சி.ஆர் என்பது டேலண்ட் சேஞ்ச் ராண்டம்னஸ், அதாவது உச்ச எண் காரணமில்லாமல் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்கிற அமைப்பு. இயல்பாக 100-ல் இருக்கும். நன்றாகக் குறைத்து வைத்த லீக்கில் 65 பெரும்பாலும் 65-ஆகவே நிற்கும். அங்கே பங்காளி கட்சிதான் சரி. 150-க்கு மேலே தூக்கி வைத்த லீக்கில், பள்ளிப் பையன் மேஜர் லீக்குக்கு மேலே வர எடுக்கும் அந்த நாலஞ்சு வருஷமும் பகடை உருண்டுகொண்டே இருக்கும். காலேஜ் பையனுக்கும் உருளும், ஆனால் அவன் ரெண்டு மூணு வருஷத்தில் கரை சேர்ந்துவிடுவான். ஆக, டி.சி.ஆர் ஏற ஏற மாப்ளை பக்கம் தராசு சாயும்.

பகடை மேல் பக்கமும் விழும் என்று பங்காளி சொல்வார். வாஸ்தவம்தான். நிஜ பேஸ்பாலில் ஆல்பர்ட் புஹோல்ஸ் 1999-ல் 13-வது சுற்றில் போனவர். மைக் பியாட்சா 1988-ல் 62-வது சுற்று. அவ்வளவு எதுக்கு, நம்ம சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் 29 வயதில்தான் இந்தியாவுக்குக் கிரிக்கெட் ஆடினார்; 18 வயதில் அவருக்கு எந்த ஸ்கௌட் 65 போட்டிருப்பார்? ஆனால் இதெல்லாம் கடைசிச் சுற்றுகளில் நிறையப் பேரை அள்ளிப் போடுவதற்கான நியாயம். முதல் சுற்றுப் பணத்தை ஒரே பையன் மேல் கொட்டுவதற்கு இது நியாயமாகாது.

பந்து வீசும் பிட்சர் விஷயத்தில் நான் முழுக்க மாப்ளை கட்சி. பள்ளிக்கூடப் பிட்சருக்கு மூணாவது பந்துவகை இன்னும் அமைந்திருக்காது, கட்டுப்பாடு 25-ல் கிடக்கும், நடுவில் தோளோ முழங்கையோ போனால் உச்ச எண்ணும் சேர்ந்து இறங்கும். 1991-ல் நியூயார்க் யாங்கீஸ் டீம் முதல் ஆளாக எடுத்த பிரையன் டெய்லர் பள்ளியிலிருந்து வந்தவர். தோளில் அடிபட்டு, மேஜர் லீக்கை எட்டவே இல்லை. எதிர்ப்பக்கம் பால் ஸ்கீன்ஸ்: 2023-ல் எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) காலேஜிலிருந்து முதல் தேர்வு, 2024 மே மாதமே பிட்ஸ்பர்க்குக்கு ஆடி, அந்த வருஷமே நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம். காலேஜ் என்றால் காப்பீடு என்று அர்த்தமில்லை. 2013-ன் முதல் தேர்வு மார்க் அப்பெல் ஸ்டான்ஃபோர்டுக்காரர். மேலே வர 2022 ஆகிவிட்டது.

மட்டை பிடிக்கும் ஹிட்டர் என்றால் கதை மாறும். நல்ல கையும் காலும் உள்ள பள்ளிக்கூட ஷார்ட்ஸ்டாப்போ (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவில் நிற்பவர்) சென்டர் ஃபீல்டரோ (வெளிவட்டத்தில் நடுவில் நிற்பவர்) மட்டை எதிர்பார்த்த அளவு வராவிட்டாலும் ஃபீல்டிங்கால் பிழைத்துக்கொள்வான். மைக் ட்ரௌட்டும் பள்ளியிலிருந்து வந்த சென்டர் ஃபீல்டர்தான், 2009-ல் 25-வது தேர்வு.

இனி எங்கள் சண்டையில் யாரும் எடுக்காத கணக்கு. மேஜர் லீக் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஒரு வருஷ சர்வீஸ்; ஆறு வருஷம் ஆனால் ஆள் சுதந்திரம், எந்த டீமுக்கும் போகலாம். பள்ளிப் பையனை 20 வயசில் மேலே ஏற்றினால் 26-ல் கை நழுவிப் போவான். அவன் உச்சத்தை அடுத்தவன் அனுபவிப்பான், கத்துக்கொடுத்த கூலி மட்டும் நம்ம கணக்கில். காலேஜ் பையன் 23-ல் வந்தால் 29 வரைக்கும் நல்ல வயசு முழுக்க நம்மிடம். சம்பளப் பட்ஜெட் சின்னதாக உள்ள டீமுக்கு இது பெரிய வித்தியாசம். சரி, மெதுவாக ஏற்றலாமே என்றால், பட்டியலில் ஏற்றாமல் வைத்திருக்கும் ஆளை அடுத்த டீம் எடுத்துக்கொள்ள விடும் ரூல் 5 டிராஃப்ட் குறுக்கே நிற்கும். 18 வயசில் ஒப்பந்தமானவன் ஐந்தாவது ரூல் 5 தேர்வுக்குள், மற்றவர்கள் நாலாவதுக்குள் டீமின் 40 பேர் பட்டியலில் ஏறியாக வேண்டும். பள்ளிப் பையனுக்கு அது 22 வயசு வாக்கிலேயே வந்துவிடும், பாதி வெந்த நிலையில்.

அவசரப்பட்டாலும் வம்பு. 2022-ன் முதல் தேர்வு ஜாக்சன் ஹாலிடே, பள்ளிப் பையன், 2024 ஏப்ரலில் 20 வயசில் பால்டிமோருக்கு வந்தார். 34 முறை மட்டை பிடித்து 2 ஹிட். பத்து ஆட்டத்தில் திரும்பவும் ஒரு படி கீழே, மைனர் லீக்கின் ட்ரிபிள் ஏ-வுக்கு. நம் ஆட்டத்திலும் தாங்காத மட்டத்தில் போட்டால் பையன் வளர்ச்சி நின்றுபோகும், பெஞ்சில் உட்கார வைத்தால் அதைவிட மோசம். பள்ளிப் பையன்களை எடுக்கிறவர்கள் வருஷா வருஷம் மைனர் லீக் பட்டியலைக் கையாலேயே பார்க்கணும். ஆட்டோமேட்டிக்கில் விட்டுவிட்டு ஆடி நோம்பிக்குப் போகிறவருக்குக் காலேஜ் பையன்தான் தோது.

உழைப்புக் குணம், புத்தி என்று வரும் குணப் பட்டியலையும் பாருங்க. வளர வேண்டிய தூரம் அதிகம் உள்ளவனுக்குத்தான் அது அதிகம் உதவும், ஆகவே பள்ளிப் பையனில் உழைப்பு குறைவு என்று கண்டால் 65 இருந்தாலும் தாண்டிப் போயிடுவேன்.

எங்கள் லீக் 100-ல் ஓடுகிறது. அதனால் என் வரிசை: முதல் சுற்றில் காலேஜ் ஹிட்டர், ரெண்டாவதில் காலேஜ் பிட்சர், மூணிலிருந்து உழைப்பு உள்ள பள்ளிக்கூட ஷார்ட்ஸ்டாப்புகள். பள்ளிக்கூடப் பிட்சர் பத்தாவது சுற்றுக்கு அக்கட்டால்தான், அதுவும் ஸ்டாமினா இருந்தால்.