ஹாம்ஸ்டருக்கு ஜீவனியும் 1 மில்லிலீற்றர் சிறிஞ்சும்

யாழ்ப்பாணத்தில் ஞாயிறு இரவு ஹாம்ஸ்டருக்கு வயிற்றோட்டம் வந்தால், மிருக வைத்தியர் கிடைக்கும்வரை கைகொடுப்பவை ஜீவனி என்ற வாய்வழி நீரேற்றும் உப்புத்தூள், ஒரு சிறிஞ்ச், இந்த இரண்டும்தான். பாமசியில் வாங்கலாம்.

சிறிஞ்ச் 1 மில்லிலீற்றராகவே இருக்கட்டும். 5 மில்லிலீற்றரில் தண்டு திடீரென வழுக்கி ஒரேயடியாகப் பாயும். நீர் நுரையீரலுக்குள் போய்விடும். ஊசி கழற்றக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள். இன்சுலின் சிறிஞ்சுகள் பலவற்றில் ஊசி கழலாது. கழுவிக் கழுவி ரப்பர் இறுகினால் உடனே மாற்றுங்கள்.

ஜீவனி பைக்கற் முழுவதையும் 1 லீற்றர் கொதித்தாறிய நீரில்தான் கரைக்க வேண்டும். கண்மட்டத்துக்குப் பிரித்துக் கரைத்தால் உப்பு கூடும், அல்லது குறையும். 24 மணித்தியாலத்தின் பின் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

உடம்பு குளிர்ந்திருந்தால் முதலில் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலருகே வைத்துச் சூடேற்றுங்கள். பிறகு வாயோரத்தில் துளித்துளியாக, ஒரு தடவைக்கு 0.1 முதல் 0.2 மில்லிலீற்றர், அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை. விழுங்காவிட்டால் நிறுத்துங்கள்.

நீரிழப்பைத் தாங்குவதோடு இதன் வேலை முடிந்தது, நோயை மாற்றாது. வாலடி நனைந்து நாறினால் 48 மணித்தியாலத்துக்குள்ளேயே உயிர் போகலாம், விடிந்ததும் வைத்தியரிடம் ஓடுங்கள். வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் என்ற அன்ரிபயோற்றிக்கை மட்டும் தொடவே வேண்டாம்: குடலின் நல்ல பற்றீரியாக்களை அழித்து, அந்த மருந்தே ஹாம்ஸ்டரைக் கொன்றுவிடும்.