கல்யாணப் பூவுக்கு முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வருகிற தை முகூர்த்தத்துக்கு வீட்டிலேயே பூக்கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிற ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். போன தையில் உச்சிப்புளியில் என் தங்கச்சிக்குக் கல்யாணம். உதிரிப்பூ அனுப்புகிற ஏஜென்ட் ஒருவர் எங்களை ஏமாற்றிவிட்டார். அவர் பெயரைப் போடவில்லை, எப்படி ஏமாற்றினார் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

மாலை, பூஜடை, தலைக்கு வைக்கிற சரம், மேடை அலங்காரம் எல்லாவற்றையும் மொத்தமாக வெளியே விட்டால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அம்மா, சின்னம்மா, அத்தை மூவருக்கும் கை ஓடும். அதனால் உதிரியாக வாங்கி நாங்களே கட்டுவது என்று பேசி முடித்தோம். சிக்கனமாகக் கல்யாணம் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன்.

மதுரை மல்லி 6 கிலோ, கிலோ 1,800 ரூபாய். சம்பங்கி 10 கிலோ, கூடவே பன்னீர் ரோஜா, மரிக்கொழுந்து. "விடியக்காலை மாட்டுத்தாவணி மார்க்கெட்ல எடுத்து பஸ்ல போட்டு விட்டுருவேன்க்கா, மதியத்துக்குள்ள உங்க கையில இருக்கும்" என்றார். ஜிபேயில் 8,000 ரூபாய் முன்பணம் அனுப்பினோம். பூ கிளம்புவதற்கு முந்தின ராத்திரி போன் வந்தது. "பெரிய முகூர்த்தம்க்கா, ரேட்டு எகிறிடுச்சு. கிலோவுக்கு எண்ணூறு சேத்துப் போட்டாத்தான் பூ ஏறும்." அந்த நேரத்தில் வேறு யாரிடம் போய்ப் பூ கேட்பது? அது தெரிந்துதான் அந்த நேரம் பார்த்துப் போன் செய்தார். மல்லிக்கு 4,800 ரூபாய் கூடுதலாக அனுப்பினோம்.

தையில் பனியால் மல்லி வரத்துக் குறையும், முகூர்த்த நாளில் விலை ஏறும், இது ஊருக்கே தெரிந்த விஷயம். நியாயமான வியாபாரி இதை முன்பணம் வாங்கும்போதே சொல்லி, இந்த விலைக்கு மேல் போகாது என்று ஒரு வரம்பு பேசிவிடுவார்.

மதியம் வர வேண்டிய பெட்டி விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தது. மல்லியில் நேரம்தான் எல்லாமே. காலையில் மொட்டாகப் பறித்தது அன்று சாயங்காலமே வாய் திறக்கத் தொடங்கிவிடும். வாய் திறந்த பூவைக் கட்டினால் சரம் நிற்காது, இதழ் கொட்டும். அதனால்தான் மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு முந்தின மதியமே கட்டி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ச்சியாக வைப்பார்கள்.

தெர்மாகோல் பெட்டியைத் திறந்தோம். மேல் அடுக்கு நல்ல குண்டு மல்லி. அதற்குக் கீழே கையை விட்டால் முக்கால்வாசி காக்கட்டான். மல்லியைவிட விலை குறைந்த பூ. மொட்டு ஒல்லியாக இருக்கும், காம்படியில் மெல்லிய முடி தெரியும், கசக்கிப் பார்த்தால் மல்லி வாசம் வராது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு காக்கட்டானை அனுப்பியதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அடி அடுக்கு அதைவிட மோசம். ஐஸ்கட்டியைப் பையில் கட்டாமல் அப்படியே போட்டிருந்தார். ஐஸ் பட்ட மொட்டெல்லாம் கண்ணாடி போலாகி ஓரம் பழுப்பேறிவிட்டது. மேலே தப்பியதிலும் பல மொட்டுகளின் நுனி சிவந்திருந்தது. அது முந்தின நாள் பூ. பக்கத்து மளிகைக்கடைத் தராசில் தண்ணீரை வடித்துவிட்டு நிறுத்தோம். 4 கிலோ 300 கிராம். போனில் கேட்டதற்கு, "ஐஸ் உருகுனா எடை குறையத்தானேக்கா செய்யும்" என்றார். அப்படியென்றால் ஐஸையும் மல்லி விலைக்கே நிறுத்து விற்றிருக்கிறார். சம்பங்கியில் பாதி மஞ்சளித்துக் கொழகொழவென்று இருந்தது.

கல்யாணம் நின்றுவிடவில்லை. சித்தப்பா ராத்திரியே ராமநாதபுரம் போய், கிடைத்த விலைக்கு முழக்கணக்கில் மல்லிச்சரமும் இரண்டு மாலையும் வாங்கி வந்தார். மேடைக்குத் தென்னங்குருத்தோலையில் தோரணம் பின்னினோம், பனங்குருத்தில் கிளி செய்தோம், தெருவில் இருந்த செவ்வரளியைக் கேட்டுப் பறித்தோம். நம் கடற்கரையில் தென்னைக்கும் பனைக்கும் பஞ்சமே இல்லை. கடல்காற்றில் ரோஜா இதழ் சீக்கிரம் சுருண்டுவிடும், ஓலை மறுநாள் வரைக்கும் அப்படியே நிற்கும். பட்ஜெட் கல்யாணத்துக்கு மேடை முழுவதையும் ஓலையிலேயே செய்துவிட்டு, பூவை மாலைக்கும் தலைக்கும் மட்டும் வாங்கினால் போதும். ஏஜென்டிடம் ஏமாறாமல் இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று மனசை அறுக்கிறது. நம் ராமேஸ்வரம் தீவிலிருக்கிற தங்கச்சிமடத்து மணலில் பதியம் போட்ட மல்லிகை நாற்றுதான் மதுரைப் பக்கத் தோட்டங்களுக்கெல்லாம் போகிறது. நாற்று கொடுக்கிற ஊர்க்காரர்கள் பூவுக்கு இப்படிக் கையேந்தி நிற்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்தில் மல்லித் தோட்டம் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள், கொஞ்சமாகக் கிடைத்தாலும் சரி.

வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும் என்றால் வீட்டு ஆள் ஒருவரை மதுரைக்கே அனுப்பிவிடுங்கள். பஸ் செலவு பெரிதாக வராது, சாக்குக்குள் கைவிட்டு அடிப்பூவைப் பார்த்து வாங்கலாம். முடியாவிட்டால் பூவின் பெயர், எடை, அதிகபட்ச விலை, எந்த பஸ், எத்தனை மணி, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். முன்பணம் கால்வாசிக்கு மேல் வேண்டாம். ஐஸைத் தனிப்பையில் கட்டி, பூவுக்கும் அதற்கும் நடுவில் காகிதம் வைக்கச் சொல்லுங்கள். பெட்டி வந்ததும் திறப்பதையும் நிறுப்பதையும் வீடியோ எடுத்துவிட்டு அப்புறம் மீதிப் பணத்தை அனுப்புங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். நாங்கள் ஜிபே விவரம், போட்டோ, தராசு வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் கொடுத்துவிட்டோம். இந்தப் பக்கத்தில் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். நம்மை ஏமாற்றியது ஒரே ஏஜென்டாக இருந்தால் சேர்ந்தே வழக்குப் போடலாம்.