இ.எஸ்.ஐ. மகப்பேறு பலன்: பணம் முழுசா வரும், பதிவு சரியாக இருந்தால்

மாதாமாதம் சம்பளத்தில் 0.75 சதவீதம் சந்தாவாகப் பிடிக்கிறார்களே, அதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டத்தின் மகப்பேறு பலனைத்தான் காட்ட வேண்டும். சாதாரண நோய் விடுப்புக்கு 70 சதவீதம் தருகிற அதே இ.எஸ்.ஐ., பேறுகாலத்துக்கு முழுச் சம்பளம் தருகிறது. 26 வாரம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். கருச்சிதைவுக்கு 6 வாரம்.

மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்று வையுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான அரையாண்டுக்கு 1,08,000. அதை 183 நாளால் வகுத்தால் நாளுக்குச் சுமார் 590 ரூபாய். 26 வாரம், அதாவது 182 நாளுக்கு ஒரு லட்சத்து ஏழாயிரத்துச் சொச்சம்.

சிக்கல் 70 நாள் கணக்கில். பிரசவம் ஜனவரி–ஜூனில் என்றால், அதற்கு முந்தைய செப்டம்பரோடு முடிந்த இரண்டு அரையாண்டுகளில் சேர்த்து 70 நாளுக்காவது சந்தா இருக்க வேண்டும். அக்டோபரில் வேலைக்குச் சேர்ந்து மார்ச்சில் பிரசவம் என்றால் இங்கே எதுவும் கிடைக்காது. பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது: இ.எஸ்.ஐ. தகுதி வரும்வரை பேறுகாலச் சம்பளம் கம்பெனியின் பொறுப்பு. 80 நாள் வேலை செய்திருந்தால் போதும்.

2022 நவம்பரிலிருந்து ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். வசதிதான், ஆனால் கம்பெனி சந்தாவைத் தாமதமாகக் கட்டியிருந்தால் திரையில் நாட்கள் குறைவாகத் தெரியும். சட்டப்படி கட்ட வேண்டிய சந்தாவே கணக்கு, கட்டியது மட்டுமல்ல. ஆகவே சம்பளச் சீட்டோடு கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஐந்தாம் மாதத்திலேயே சந்தா விவரத்தைத் திறந்து பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் இனிஷியல் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

விடுப்பில் இருப்பவரை "வீட்டிலிருந்தே கொஞ்சம் பாரும்மா" என்று வேலை வாங்கிச் சம்பளம் போட்டால், அந்த நாட்களுக்குப் பலன் போய்விடும். அப்பாவுக்கு இத்திட்டத்தில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை என்பது பெரிய ஓட்டை.

பலன் வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கி நோட்டீஸ் கொடுத்தால் அது செல்லாது. கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடாதீர்கள்.