திருநம்பி கதை தேடிப் போனேன், ஏஓ3-இல் வாசகர் குறிப்புகள் கைகொடுத்தன

என் சித்தி மகன் ஒரு திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்கிறவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டில் சொன்னான். சித்தி மூன்று மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, இப்போது பேசுகிறாள். அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் நடுராத்திரியில் அவன் எனக்கு அனுப்பிய மெசேஜிலிருந்துதான் ஏஓ3 என்ற கதைத் தளத்தைப் பற்றிய இந்த விமர்சனம் தொடங்குகிறது: "அக்கா, என்னை மாதிரி ஒருத்தன் இருக்கிற கதை ஏதாவது சொல்லு. கடைசியில அவன் சாகக் கூடாது."

நான் நிறையப் படிக்கிறவள், ஆனாலும் எனக்கு ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. தமிழில் 1994இல் வந்த சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' நினைவுக்கு வந்தது, ஏ. ரேவதியும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் எழுதிய தன்வரலாறுகள் நினைவுக்கு வந்தன. எல்லாமே படித்தே ஆக வேண்டியவை, ஆனால் எல்லாமே திருநங்கைகளின் வாழ்க்கை. அடிபட்டு, வீட்டைவிட்டு வெளியேறி, போராடி மீண்ட வாழ்க்கை. அன்று ராத்திரி போர்வைக்குள் படுத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் கேட்டது அது இல்லை. அவனுக்குச் சும்மா ஒரு கதை வேண்டும், அதில் அவன் மாதிரி ஒருவன் காலையில் எழுந்து வேலைக்குப் போக வேண்டும், யாரையாவது காதலிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தோழி ஒருத்திதான் ஏஓ3 என்றாள். முழுப் பெயர் ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன். 2007இல் தொடங்கிய ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் வொர்க்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இதை நடத்துகிறது, 2009 நவம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது, உழைப்பவர்கள் தன்னார்வலர்கள். 2019இல் அறிவியல் புனைகதை, மிகுபுனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது. படைப்புகளின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் ஃபேன்ஃபிக்‌ஷன், அதாவது நாவல், சினிமா, சீரியல், கேம் எதிலோ ஏற்கெனவே இருக்கும் பாத்திரங்களை எடுத்து ரசிகர்கள் எழுதும் கதைகள். யாருடைய பாத்திரமும் இல்லாத சொந்தக் கதைகளுக்கும் 'ஒரிஜினல் வொர்க்' என்று தனி இடம் உண்டு.

ஊரறிந்த ஒரு கதாநாயகனை எடுத்து 'இவன் திருநம்பி' என்று வைத்து எழுதுவது முதலில் எனக்கு ஒட்டவில்லை. ஏன் புதிதாக ஒருவனைப் படைக்கக் கூடாது என்று தம்பியிடமே கேட்டேன். "அக்கா, எட்டாவது படிக்கும்போதே அவன்தான் என் ஹீரோ. அவன் என்னை மாதிரி இருந்தா எப்படி இருக்கும்னு எனக்கு முன்னாடியே எங்கேயோ ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்சிருக்காங்க பாரு" என்றான். அதற்கப்புறம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏஓ3-இல் தேடலின் உயிர் டேக்கில், அதாவது கதையோடு ஒட்டிவைக்கும் குறிச்சொல்லில் இருக்கிறது. எழுதுகிறவர் தன் கதைக்குத் தன் இஷ்டப்படி டேக் போடலாம், ஒரே விஷயத்தைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதினாலும் தன்னார்வலர்கள் உட்கார்ந்து அவற்றை ஒன்றோடொன்று கோத்துவைக்கிறார்கள். அதனால் 'டிரான்ஸ் கேரக்டர்' என்ற ஒரு டேக்கைத் தொட்டால் திருநம்பி, திருநங்கை என்று அதன் கிளைகளும் கூடவே வருகின்றன. வேண்டாததை விலக்கவும் முடியும். திருநர் (திருநம்பி, திருநங்கை எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் சொல்) வெறுப்பு, பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, வன்முறை இவையெல்லாம் வருவதாக டேக் போட்ட கதைகளை ஃபில்டரில் எக்ஸ்க்ளூட் என்ற பகுதியில் போட்டுவிட்டால் பட்டியலிலிருந்தே போய்விடும். தம்பிக்கு அந்த மாதங்களில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி முடியாது. கதையில் முக்கியமானவர் இறந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும் ஏற்பாடும் உண்டு. எச்சரிக்கை போட விருப்பமில்லை என்று எழுதுகிறவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது, அந்த வரியைப் பார்த்தால் உள்ளே எதுவும் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் டேக் ஒரு கதையில் என்ன இருக்கிறது என்று சொல்லும், எப்படி இருக்கிறது என்று சொல்லாது. குடோஸ் எனப்படும் பாராட்டு எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தினால் ரசிகர் கூட்டம் பெரிதாக உள்ள படங்கள், சீரியல்களின் கதைகள் மேலே வந்து நிற்கும். அதில் கணிசமானவை வயது வந்தவர்களுக்கானவை, சிலவற்றில் திருநம்பியின் உடல் இருக்கும், திருநம்பி இருக்க மாட்டான். நான் முதல் வாரம் முழுக்க அந்த வரிசையில்தான் அலைந்தேன், அவனுக்கு அனுப்புகிற மாதிரி இரண்டே இரண்டுதான் தேறின.

வழி திறந்தது புக்மார்க்கில். ஏஓ3-இல் ஒரு கதையை புக்மார்க் செய்யும்போது 'ரெக்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதை டிக் செய்தால் 'இதை நான் மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன்' என்று பொருள். கூடவே குறிப்பு எழுதவும் இடம் உண்டு. பலரும் புக்மார்க்கைத் தனக்கான அடையாளமாக மட்டும் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், ஆனால் குறிப்பு எழுதுகிற வாசகர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் இந்த இடத்தின் உண்மையான நூலகர்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு கதையை எடுங்கள், அதன் மேலே புக்மார்க் எண்ணிக்கை இருக்கும், அந்த எண்ணைத் தொடுங்கள். யார் யார் அதைச் சேமித்திருக்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வரிசையாக வரும். அதில் உங்கள் மனதில் இருப்பதை அப்படியே எழுதியிருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து அவருடைய புக்மார்க் பக்கத்துக்குப் போங்கள், ஃபில்டரில் ரெக் மட்டும், குறிப்பு உள்ளவை மட்டும் என்று இரண்டையும் டிக் செய்யுங்கள். அப்புறம் உங்களுக்கு என் விமர்சனமே தேவைப்படாது.

அப்படித்தான் ஒரு வாசகரின் பட்டியலில் ஒரு சொந்தக் கதை கிடைத்தது. படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஒருவன், அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை, ஒரே வீட்டில் இருவரும். அவன் திருநம்பி என்பதே மூன்றாவது அத்தியாயத்தில், கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே அவனுடைய பைண்டரை (மார்பைத் தட்டையாகக் காட்ட இறுக்கிப் போடும் உள்ளாடை) அப்பா மழைக்கு முன்னால் ஓடிவந்து எடுத்து மடித்துவைக்கும்போதுதான் தெரியவரும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கதைக்கு விழுந்திருந்த குடோஸ் மிகக் குறைவு, எந்த வரிசையிலும் என் கண்ணில் பட்டிருக்காது. சிபாரிசு செய்தவர் இரண்டு வரிதான் எழுதியிருந்தார்: மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தால் விலா எப்படி வலிக்கும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது, அப்பா கடைசி வரை மன்னிப்புக் கேட்க மாட்டார், ஆனாலும் படியுங்கள் என்று. தம்பிக்கு அனுப்பினேன். மறுநாள் காலேஜ் பஸ்ஸில் இருந்து கூப்பிட்டு, மழை சீன் வரைக்கும் வந்துட்டேன் அக்கா என்றான், அதற்கு மேல் பேச்சு வரவில்லை அவனுக்கு.

நல்ல சிபாரிசு என்றால் என்ன என்று அந்த இரண்டு வரியிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். 'சூப்பர், அழுதுட்டேன்' என்பதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. கதையில் யார் திருநர், அவர் வெளியே சொல்லிவிட்டவரா அல்லது சொல்லப்போவதுதான் கதையா, பழைய பெயர் எத்தனை இடத்தில் வருகிறது, வீட்டார் எப்படி, உடலைப் பற்றி எந்த மாதிரிச் சொற்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள் (எழுதுகிறவர்களே இதைப் பல கதைகளில் முன்குறிப்பில் சொல்லிவிடுகிறார்கள்), முடிவு தாங்கக்கூடியதா என்று சொன்னால் போதும். எழுதியவர் திருநரா இல்லையா என்று ஊகித்து மட்டும் எழுதாதீர்கள். அவரே தன் பக்கத்தில் சொல்லியிருந்தால் சரி, இல்லையென்றால் அது அவர் வெளியே சொல்லாத விஷயமாக இருக்கலாம், நம் குறிப்பு பொதுவில் கிடக்கிறது. பொதுவாக வைத்த புக்மார்க் குறிப்பை எழுதியவரும் பார்க்க முடியும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். பிடிக்காததைக் குறித்துவைக்க வேண்டும் என்றால் பிரைவேட் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதற்குத்தான் அது.

இங்கே சில விஷயங்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது. படிக்க அக்கவுண்ட் தேவையில்லை, ஆனால் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பூட்டிய கதைகள் உண்டு. ஏஐ பயிற்சிக்காகக் கதைகள் அள்ளப்படுகின்றன என்று தெரிந்ததிலிருந்து, குறிப்பாக 2023க்குப் பிறகு, இன்னும் நிறையப் பேர் பூட்டிவிட்டார்கள், அதனால் அக்கவுண்ட் எடுப்பதே நல்லது. மின்னஞ்சல் கொடுத்து வரிசையில் காத்திருந்தால் அழைப்பு வரும். அதிகாரப்பூர்வமான ஆப் எதுவும் கிடையாது, ஆப் ஸ்டோரில் அந்தப் பெயரில் இருப்பவை வேறு யாரோ செய்தவை, பிரவுசரிலேயே படியுங்கள். கதையை இபப், பிடிஎஃப் என்று டவுன்லோடு செய்துகொள்ளலாம், பணம் கிடையாது. ஒரே போனை வீட்டில் நாலு பேர் பார்க்கும் பிள்ளைகள் டவுன்லோடு செய்வதற்கு முன் யோசிக்க வேண்டும் என்பது என் கவலை, தம்பி அந்தக் காலத்தில் ஒவ்வொரு முறையும் ஹிஸ்டரியை அழித்துக்கொண்டிருந்தான்.

மொழியும் ஒரு தடை. தளத்தின் மெனு, பட்டன் எல்லாம் ஆங்கிலம். கதையின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, ஆனால் திருநர் கதை என்று தேடுகிறவருக்கு இப்போதைக்கு ஆங்கிலம்தான் சோறு போடும். அதனால் நான் என் சிபாரிசுக் குறிப்புகளை இப்போது தமிழிலும் எழுதுகிறேன். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்கிற பிள்ளை முப்பதாயிரம் சொல் உள்ள கதையைத் திறப்பதற்கு முன்னால், இதில் உனக்கு வலிக்கும் இடம் இன்னது என்று யாராவது தமிழில் சொல்ல வேண்டும் அல்லவா?

இன்னொன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே திருநம்பிகளைப் பற்றிய கதைகள் குவிந்து கிடக்கின்றன, திருநங்கைகளைப் பற்றியவை அதை ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. நம் தமிழ்ப் புத்தக அலமாரிக்கு நேர் எதிர். தம்பிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, ஆனால் அவனுடைய தோழி ஒருத்தி, திருநங்கை, எனக்கும் இப்படி ஒன்று தேடித் தாருங்கள் அக்கா என்று கேட்டபோது பாதி நாள் தேடினேன். அதனால்தான் இந்த வகையில் யாராவது ஒரு நல்ல கதையைப் படித்தால் ரெக் கட்டத்தை டிக் செய்யாமல் நகராதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன், அந்த ஒரு டிக் இல்லாவிட்டால் அது எங்கேயோ அடியில் கிடந்துவிடும்.

தம்பி இப்போது தனக்கென்று அக்கவுண்ட் வைத்திருக்கிறான், பட்டியலில் நாற்பது கதைகளுக்கு மேல் இருக்கின்றன. என்னைவிட நன்றாகக் குறிப்பு எழுதுகிறான். போன வாரம் அவன் அதில் சேர்த்த கதையைத்தான் அந்தத் தோழிக்கு அனுப்பினோம், நானும் படித்துக்கொண்டிருக்கிறேன். வயதான திருநங்கை ஒருத்தி, மாடி வீட்டில் குடியிருப்பவள், கீழ் வீட்டுப் பிள்ளைக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பதினோரு அத்தியாயம், நான் ஏழில் இருக்கிறேன், பிள்ளை இன்னும் பிரேக்கைப் பிடிக்க மறந்துகொண்டேதான் இருக்கிறது.